தோட்டத்தை மூடும் ஞாயிறு

— அந்தத் தக்காளிச் செடியையாவது விட்டு வைங்களேன். இப்பதான் பிஞ்சு விட்டிருக்கு.

— விட்டு வச்சு? பழுத்ததும் பறிச்சு நம்ம குட்டி முதலாளி வாயில ஊட்டுறதுக்கா?

— அவனுக்குக் குடுக்க மாட்டேன். சும்மா நின்னுட்டுப் போகட்டும். செடி உங்களை என்ன பண்ணுச்சு?

— என்ன பண்ணுச்சா? நல்லாக் கேட்ட. ரெண்டரை வயசுப் பிள்ளையோட ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னப்போ நீ பக்கத்து நாற்காலியிலதான உக்காந்திருந்த?

— இருந்தேன்.

— அந்த ஈயம் வானத்துலேருந்து விழுந்துச்சா? வீடு கட்டுறதுக்கு முன்னாடி இங்க பெயிண்ட் கிடங்கு இருந்துச்சுன்னு எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னதும் இதே காதுலதான விழுந்துச்சு? அந்த மண்ணுல பிள்ளையை விட்டு உருட்டி எடுத்தது யாரு? நானா? அவ்ளோதான் கதை. அந்த மம்மட்டியை இப்படித் தள்ளு.

— மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்திருக்கோம் இல்லையா. அது தெரிஞ்சப்புறம்...

— போன் வந்துச்சா?

— இன்னும் வரல.

— வரல?

— வரலைங்க.

— உன் நம்பரைத்தான குடுத்த?

— ரெண்டு பேரோடதும் குடுத்தேன். அங்க இருந்த தம்பி ரெண்டு நம்பர் வேணும்னு கேட்டுச்சு. என்னோடதுக்குத்தான் போடச் சொன்னேன்.

— சரி. வரலன்னா வரல. அதுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாது. கொத்தனார் இப்ப வந்துடுவான். அதுக்குள்ள இந்தப் பீன்ஸ் பந்தலையும் சாய்ச்சுடணும்.

— பந்தலை நான் அவுக்கறேன். நீங்க இழுத்தீங்கன்னா கயிறோட கொடியும் அறுந்துடும்.

— அறுந்தா என்ன? அதுக்கு ஆஸ்பத்திரியில படுக்கை போடப் போறியா?

— ம்ம்... ம்ம்ம்...

— பாருங்க, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி நிக்கிறான். வெளிய வரணுங்கறான்.

— கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கில்ல?

— போட்டிருக்கு.

— முதலாளி! உள்ள போங்க. இன்னிக்கு ஆபீஸ் லீவு. இனிமே என்னிக்கும் லீவுதான்.

— அவன்கிட்ட அப்படிப் பேசாதீங்க.

— எப்படிப் பேசினா என்ன? திருப்பிப் பேசப் போறானா?

— ஏங்க...

— சரி, விடு. வாய் தவறி வந்துடுச்சு. தப்புதான்.

— காலையில பாலு குடிக்கறப்போ என் மூக்கைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தான். வாயைக் கூடத் திறந்தான். அப்புறம் என்ன சொல்ல வந்தோம்னு அவனுக்கே தெரியாத மாதிரி மூடிக்கிட்டான். பெரியவங்க யாரோட பேராவது மறந்துட்டு நிப்பாங்களே, அப்படி.

— அதை ஏன் எங்கிட்டச் சொல்ற?

— வேற யார்கிட்டச் சொல்லுறது?

— ...முதல் வார்த்தையே புழுன்னான். நினைவிருக்கா?

— மறக்குமா?

— அம்மா இல்ல, அப்பா இல்ல. புழு. உனக்கு என்ன பெருமை! உங்க அம்மாவுக்குப் போன், உங்க அக்காவுக்குப் போன். எம்பிள்ளை புழுன்னு சொல்லிட்டான், எம்பிள்ளை புழுன்னு சொல்லிட்டான். யாராச்சும் கேட்டா பிள்ளைக்கே புழுன்னு பேரு வச்சிருக்கோம்னு நினைச்சுப்பாங்க.

— நீங்க அன்னிக்கு முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க. எனக்கு முன்னாடி புழுவான்னு.

— பின்ன? வேலைக்குப் போயிட்டு வர்றவன் நான். மண்ணுக்குள்ள தூங்கிட்டிருக்கற அதுக்கு முதல் மரியாதை.

— அடுத்த வாரமே அப்பான்னுட்டான்ல.

— ஆமா. தவளை, மழை, பூவு எல்லாம் அதுக்கப்புறம்தான். வார்த்தை ஒவ்வொண்ணா மறந்து போறப்போ தவளைதான் முதல்ல போச்சு.

— தவளை போச்சு, அப்புறம் மழை. பூவுன்னு கையைக் காட்டுவான், சொல்ல மாட்டான். நான் பிடிவாதம்னு நினைச்சேன். சொன்னாத்தான் தண்ணிக் குவளையைத் தருவேன்னு ஒருநாள் ஒளிச்சு வச்சேங்க. எவ்ளோ நேரம் நின்னு அழுதான் தெரியுமா? சொல்லத் தெரியாம அழுதிருக்கான். நான் சொல்ல மாட்டேங்கறான்னு நினைச்சுட்டேன்.

— அந்தக் கதையெல்லாம் இப்ப வேணாம்.

— கடைசியா அப்பா மட்டும் கொஞ்ச நாள் நின்னுச்சு.

— வேணாம்னு சொல்றேன்ல.

— டாக்டர் திரும்பி வரும்னு சொல்லலையே.

— வராதுன்னும் சொல்லல. பாக்கலாம்னார். டாக்டர் பாக்கலாம்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான் பாக்கலாம் பாக்கலாம்னாங்க.

— மருந்து குடுக்கறோம்ல. வயித்து வலி குறைஞ்சிருக்கு. முன்ன மாதிரி சுருண்டு படுக்கறதில்ல. உடம்புக்குள்ள புதுசா ஏறாம இருந்தாலே போதும், பிள்ளைங்க உடம்பு தேறிடும்னார்ல.

— அதுக்குத்தான் மூடுறேன். புதுசா ஏறாம இருக்கத்தான்.

— ம்.

— என்ன ம்? முன்னாடியெல்லாம் ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவ. டிவி கூடாது, செல்போனைக் கண்ணுல காட்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, வெறுங்கால்ல மண்ணை மிதிக்கணும், வெயில் படணும், கையாலயே பறிச்சுக் கழுவாமத் திங்கணும். எனக்கு வகுப்பு எடுப்ப. பிள்ளை ஆரோக்கியமா வளரும்னு.

— கழுவிட்டுத்தான் குடுப்பேன்.

— எதை வச்சு? இதே மண்ணுக்குள்ளேருந்து வர்ற தண்ணியை வச்சு!

— அந்த மாடி வீட்ல அவன் எப்படி இருந்தான்னு மறந்துட்டீங்களா? மூணாவது மாடி. ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்தோட சுவர். ராத்திரி முழுக்க இருமுவான். நீங்கதான் தோள்ல போட்டுக்கிட்டு வராந்தாவுல நடப்பீங்க. பிள்ளைக்குக் கொஞ்சம் காத்து, கொஞ்சம் மண்ணு இருந்தாப் போதும், எங்கயாவது போயிடலாம்னு சொன்னது நீங்க.

— நான் சொன்னேனா?

— சொன்னீங்க. அவன் இங்க வந்து இருமினானா? சொல்லுங்க. ஒருநாளாவது இருமினானா?

— இல்ல. அதுமட்டும் இல்ல. ஆனா அப்பல்லாம் நான் கடையில கணக்கு எழுதிக்கிட்டு மின்விசிறிக்குக் கீழ உக்காந்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்ததுல அந்தக் கடை தூரமாப் போயிடுச்சுன்னு பக்கத்துல கெடைச்ச பட்டறையில சேர்ந்தேன். உன் நாலு முழத் தோட்டத்துக்காக.

— தெரியும்ங்க.

— தெரிஞ்சு?

— அந்த வேலையை விட்டுடுங்களேன்.

— எதுக்கு?

— நீங்களும் வயிறு வலிக்குது, தலை வலிக்குதுன்னு சொல்லிட்டே இருக்கீங்க. மெலிஞ்சு போயிட்டீங்க. ஒருதரம் நீங்களும் ரத்தம் குடுத்துப் பாத்தா என்ன?

— நானா மண்ணைத் தின்னேன்?

— சும்மா ஒரு நிம்மதிக்கு.

— யாரோட நிம்மதிக்கு? வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்து இவன் வாயையே பாத்துக்கிட்டிருக்கவா? அந்தக் கம்பைப் பிடி. மெதுவா. விடு.

— ஐயோ, பூ வச்சிருந்துச்சு இந்தக் கொடி.

— ம்ம்... ம்ம்ம்ம்...

— ரொம்ப அழறான்ங்க. தூக்கம் வந்துடுச்சு. நேத்தும் சரியாத் தூங்கல.

— என் சட்டையைக் கையில குடுத்தாத் தூங்கிடுவானே. அந்த நீலச் சட்டை எங்க?

— அது கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.

— கிழிஞ்சாத்தான் என்ன? அவன் என்ன போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கா போகப் போறான்? பிடிச்சுக்கிட்டுத் தூங்கத்தான?

— ரொம்ப நைஞ்சு போச்சு. நூல் நூலா வாய்க்குள்ள போச்சு.

— வேற ஒண்ணு எடுத்துக் குடுக்க வேண்டியதுதான?

— எதைக் குடுக்கறது? ஆணியில ஒண்ணும் இல்லையே. நீங்கதான் இப்பல்லாம் வேலைச் சட்டையை வீட்டுக்கே கொண்டு வர்றதில்ல.

— நீதான பட்டறையிலயே குளிச்சுட்டு, அங்கயே மாத்திக்கிட்டு வரச் சொன்ன? டாக்டர் வீட்டைச் சுத்தமா வச்சுக்கச் சொன்னார்னு?

— சொன்னேன். சொன்ன உடனே கேட்டுட்டீங்க. எப்பவும் எது சொன்னாலும் ரெண்டு நாள் மல்லுக்கட்டிட்டுத்தான் கேப்பீங்க.

— கேட்டாலும் குத்தமா? நல்லா இருக்கே.

— குத்தம் சொல்லல. நீங்க அவனைத் தூக்கறதே இல்லையே, அதான்.

— நீதான தூக்காதீங்கன்ன?

— குளிச்சப்புறம் தூக்குங்கன்னு சொன்னேன். தூக்கவே தூக்காதீங்கன்னு சொல்லல. இந்த வாரம் முழுக்க அவன் கைய நீட்டிக்கிட்டு வந்தா நீங்க எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறீங்க. வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடறான். நீங்க அவனைச் சுத்திக்கிட்டு நேரா குளியலறைக்குப் போறீங்க. பட்டறையில குளிச்சது போதாதுன்னு மறுபடி அரை மணி நேரம் தண்ணி ஊத்திக்கறீங்க. அவன் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கான்.

— வேலைக் களைப்பு.

— என் மேல இருக்கற கோவத்தை அவன் மேல காட்டாதீங்க.

— உன் மேல எனக்கு என்ன கோவம்?

— என்ன கோவமா? ஆஸ்பத்திரி வராந்தாவுல எங்கம்மா முன்னாடி, அந்த நர்ஸ் முன்னாடி என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— நினைவில்லையா? யாரால இவனுக்கு இது வந்துச்சோ, அவங்க இனிமே இவன் பக்கத்துலயே வரக் கூடாதுன்னீங்க.

— ...சொன்னேன்.

— அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கங்க.

— எதுக்கு? உறுத்துதா?

— எனக்காகக் கேக்கல.

— பின்ன யாருக்காக?

— யாருக்காகவும் இல்ல. வீட்டுக்குள்ள அப்படி ஒரு வார்த்தை கெடக்க வேணாம். சொல்லுங்க, கோவத்துல சொன்னேன்னு சொல்லுங்க. யாரும் வேணும்னு பண்ணல. அவ்ளோதான், ஒரு வார்த்தை.

— சொன்னது சொன்னதுதான்.

— நான் அவன் பக்கத்துலதான இருக்கேன்? என்னை ஒண்ணும் சொல்றதில்லையே நீங்க?

— உன்னை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?

— நீங்க இல்லையா?

— மம்மட்டியை எடுத்து ஓரமா வை. கொத்தனார் வர்ற மாதிரி இருக்கு.

— அண்ணே! வீடு இதுதானே? நான்தான் கொத்தனார். எதிர்வீட்டுப் பெரியவர் சொல்லி விட்டாரே. ஜல்லியும் மணலும் வாசல்ல இறக்கியாச்சு, கலவை மெஷினும் வந்துடுச்சு. என்னண்ணே இது, சின்னதா ஒரு தோட்டம்னு சொன்னாங்க. காட்டையே இல்ல வெட்டிப் போட்டிருக்கீங்க!

— வாப்பா. இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவர் வரைக்கும். ஒரு விரல் அளவு மண்ணு வெளிய தெரியக் கூடாது.

— முழுசுமாவா? அண்ணே, ஒரு மூலையில வட்டமாக் குழி விட்டுடறேன். எலுமிச்சை ஒண்ணு வச்சா நிழலாவது கெடைக்கும். வெயில் காலத்துல இந்தத் தரை தோசைக்கல்லு மாதிரி காயும்ண்ணே, கால வைக்க முடியாது.

— வேணாம்.

— அக்கா, நீங்களாவது சொல்லுங்க.

— அவர் சொல்றபடி பண்ணுங்க தம்பி.

— தாராளமாப் பண்ணிடலாம். நம்ம கையில என்ன இருக்கு? போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் கூப்பிட்டார். வீட்டைச் சுத்திச் சிமெண்ட் போடுன்னார். போட்டேன். இப்ப மொட்டை மாடியில தொட்டி கட்டக் கூப்பிடறார், செடி வைக்கணுமாம். மண்ணை வெளியிலேருந்து வாங்கிட்டு வந்து மாடி ஏத்தறாங்க. கீழ இருக்கறதை மூடுறதுக்கும் எனக்குத்தான் கூலி, மேல ஏத்தறதுக்கும் எனக்குத்தான் கூலி. நான் எதுக்குக் குறுக்க பேசப் போறேன்?

— பேசாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுடும் போலிருக்கே.

— அது மட்டும் நம்மால ஆகாதுண்ணே. கை ஓடணும்னா வாயும் ஓடணும். ஜன்னல்ல நிக்கறது உங்க பையனா? என்ன செல்லம், மாமாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்லு. என்ன, கோவமா?

— அவனுக்கு உடம்பு சரியில்ல தம்பி.

— அடடா, என்ன ஆச்சு?

— மண்ணு தின்னான்.

— ஹ! எந்தப் பிள்ளைண்ணே மண்ணு திங்கல? நான் சின்ன வயசுல தின்ன மண்ணை வெளிய எடுத்தா ஒரு ரூம் கட்டலாம். எங்கம்மா முதுகுல ரெண்டு போடும், வாயைக் கழுவி விடும். அதுக்கா இத்தனை பெரிய வேலை?

— இது வேற மண்ணு. நீ ஆரம்பி.

— பாத்தா நல்ல மண்ணாத்தான் தெரியுது. கொத்துன இடத்துல எல்லாம் புழு நெளியுது. சரி, நமக்கென்ன. அண்ணனுக்கு எங்க வேலை?

— பக்கத்துலதான். ஒரு பட்டறை.

— எந்தப் பட்டறை? ரயில் கேட் தாண்டிப் பழைய பேட்டரியை உடைச்சு உருக்குவாங்களே, அதா? அப்பா! அந்தப் பக்கம் வண்டியில போனாலே நாக்குல இரும்பை வச்ச மாதிரி...

— கலவை ரெடியாக எவ்ளோ நேரம் ஆகும்?

— குடிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமா தம்பி?

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? தண்ணி குடுங்கக்கா. கலவை இதோ, மெஷின் சுத்த ஆரம்பிச்சதும் வந்துடும்ண்ணே. முதல்ல தரையை இடிச்சுக் கெட்டிப்படுத்தணும். அந்த வேலையை இப்பவே பாத்துடறேன்.

— ஏம்மா. இங்க வா.

— என்னங்க?

— நிறுத்தணும்னா இப்பச் சொல்லு. இன்னும் ஒரு சட்டிகூடக் கொட்டல.

— நான் எதுக்கு நிறுத்தச் சொல்லப் போறேன்?

— உன் தோட்டம். நீ ஒவ்வொரு விதையா வச்சது. ஏதாவது சொல்லணும்னு இருந்தாச் சொல்லு. நான் கேக்கறேன்.

— சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க.

— ஒண்ணுமே இல்ல?

— இல்ல. நீங்க போடச் சொல்லுங்க. உங்களுக்கு அதுல நிம்மதின்னா போட்டுடுங்க.

— எனக்கு நிம்மதி...

— ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல. கொத்தனாரே, கொட்டுப்பா. அந்தக் கோடியிலேருந்து ஆரம்பி.

— அக்கா! ஒரு நிமிஷம் இங்க வாங்களேன். இந்தத் தொட்டிக்கு அடியில ஒரு தவளை. எழுந்து போக மாட்டேங்குது. குச்சியால தட்டிப் பாத்துட்டேன், வீட்டுக்காரர் மாதிரி உக்காந்திருக்கு.

— தட்டாதீங்க தம்பி. நான் எடுத்துக்கறேன். இது எங்க வீட்டுத் தவளைதான். தினம் சாயங்காலம் தண்ணி ஊத்தறப்போ வரும்.

— கையாலயா எடுக்கறீங்க? எம்பொண்டாட்டி இருந்தா இந்நேரம் தெரு முனையில நின்னு கத்திட்டிருப்பா.

— தங்கம், இங்க பாரு. ஜன்னல்கிட்ட வா. அம்மா கையில யாரு? யாரு வந்திருக்கா? பாரு, கண்ணை உருட்டுது. த... தவ...

— ம்ம்.

— தவளைடா. நீதான அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்த? தண்ணிக்குள்ள குதிக்கும்னு. தவளை. ஒரே ஒருதரம். தவ...

— ம்ம்.

— வேணாம்மா. விடு அவனை.

— கொஞ்சம் இருங்க, வாயைத் திறக்கறான். த...

— விடுன்னு சொல்றேன்ல! அது கையிலேருந்து நழுவப் போகுது. கொண்டு போய் வெளி வாய்க்கால் பக்கம் விடு.

— அங்க வண்டியெல்லாம் போகுமே.

— வேற எங்க விடுறது? இனி இந்த வீட்ல அதுக்கு எடம் இல்ல.

— அண்ணே, அந்தத் தக்காளியை மட்டும் ஏன் பிடுங்காம விட்டிருக்கீங்க? அதைச் சுத்தி ஊத்தணுமா, சேர்த்து ஊத்தணுமா?

— சேர்த்து ஊத்து.

— பிஞ்சு இருக்கேண்ணே.

— சேர்த்து ஊத்துப்பா.

— நம்ம கையில என்ன இருக்கு. ஊத்தியாச்சு... இந்தப் பக்கம் வராதீங்கக்கா, சேறு மாதிரி இருக்கு, கால் பதிஞ்சிடும். மட்டப்பலகை போட்டு இழுத்தா முடிஞ்சுது. பாருங்கண்ணே, தண்ணி ஊத்தினாக் கண்ணாடி மேல ஓடற மாதிரி ஓடும். நம்ம போட்ட தரையில ஒரு விரிசல் காட்டிடுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்.

— நல்லாத்தான் இருக்கு.

— நாளைக்கு ஒருநாள் யாரும் மிதிக்காமப் பாத்துக்கங்க. அப்புறம்கா, உங்களுக்குத்தான் சொல்றேன், காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தணும். செடிக்கு ஊத்துவீங்களே, அதே மாதிரிதான். மறந்துடாதீங்க, காய விட்டா வெடிச்சிடும்.

— மறக்க மாட்டேன் தம்பி.

— செல்லம், மாமா போயிட்டு வரேன். டாட்டா சொல்லு. அடுத்த தடவை வர்றப்போ கோவமெல்லாம் போயிருக்கணும், என்ன? வரேண்ணே.

— போயிட்டு வாங்க தம்பி.

— நான் போய்க் குளிச்சுட்டு வரேன்.

— காலையிலயே குளிச்சீங்களே. இன்னிக்குப் பட்டறைக்கும் போகலையே. கைகாலை மட்டும் கழுவிக்கிட்டா போதாதா?

— குளிக்கணும்.

— சீக்கிரம் வாங்க. கையெல்லாம் ஏற்கெனவே தோலுரிஞ்சு கெடக்கு. அந்தத் துணி தோய்க்கிற பிரஷ்ஷால தேய்க்காதீங்க.

— ம்.

— வா தங்கம். கதவைத் திறந்துட்டேன், வா. இல்ல இல்ல, கீழ இறங்கக் கூடாது. ஈரம். படியிலயே உக்காந்துக்கலாம், அம்மா மடியில. இந்தா உன் குவளை.

— ம்ம்?

— எங்க ஊத்தறதுன்னு பாக்கறியா? அம்மாவுக்கும் தெரியலடா. சும்மா இப்படி ஊத்து. ஊத்து. பாத்தியா, ஓடுது. உறிஞ்சிக்க மாட்டேங்குது.

— ம்ம். ம்ம்ம்.

— புழுவா? புழு கீழ போயிடுச்சு. தூங்குது. அழாத. அழாதடா கண்ணு. அம்மா உனக்கு ஒண்ணு சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீ எங்க சொல்லப் போற... மண்ணு மேல ஒரு தப்பும் இல்லடா.

— ம்ம்.

— நிஜமா. மண்ணு பாக்கற தம்பி போன் பண்ணிச்சு. உங்க மண்ணு சுத்தமா இருக்குக்கா, ஈயம் ஒண்ணும் இல்ல, தைரியமா விளையாட விடுங்கன்னு சொல்லிச்சு. எவ்ளோ சந்தோஷமாச் சொல்லிச்சு தெரியுமா? நான் போனை வச்சுட்டு ஆணியில தொங்கின அப்பா சட்டையையே பாத்துட்டு நின்னேன். அதுல சாம்பல் மாதிரி ஒரு தூசி ஒட்டியிருக்கும்ல, பட்டறை ஈயத் தூசி? தினம் அதுலதான மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுத் தூங்கின? சட்டைக் கையோட நுனியைச் சப்பிக்கிட்டே. தோய்ச்சுக் குடுத்தா அப்பா வாசனை இல்லன்னு தூக்கி எறிஞ்ச. அதனால தோய்க்காமக் குடுத்தேன். அப்பா ராத்திரி வேலைக்குப் போன நாள்ல எல்லாம் தேடித் தேடி எடுத்துக் குடுத்தேன். நான்தாண்டா குடுத்தேன். இந்தக் கையால.

— ம்ம்.

— ஆனா அப்பாகிட்ட மட்டும் சொல்லிடக் கூடாது. ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொன்னார் பாரு, அது அவர் மேலயே வந்து விழுந்துடும். தாங்க மாட்டார். அப்புறம் உன் பக்கத்துலயே வர மாட்டார். அவருக்குத் தெரியாமயே போகட்டும். மண்ணாலதான், அம்மாவாலதான்னு இருந்துட்டுப் போகட்டும். தோட்டம் போனாப் போகுது. நீயும் நானும் சொல்ல வேணாம். சரியா?

— ஏம்மா.

— ஐயோ! பின்னாடியா நிக்கறீங்க? நீங்க குளிக்கப் போகலையா?

— அந்த மண்ணு பாக்கற தம்பி முதல்ல போன் பண்ணினது எனக்குத்தான்.